வாயில்லாச் சீவனும் வாய்ப்பேச்சு வாணிகமும்

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிற நம்மூர்ச் சம்சாரியைப் பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஆலங்குளத்திலிருந்து வண்டி ஏறுகிறவர், மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். விவரம் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துப் போவார். தரகர் துண்டுக்குள் கையைவிட்டு விரல் பிடித்து விலை பேசி முடிக்கும்வரை, மாட்டைப் பற்றி ஒரு நல்ல சொல் அவர் வாயிலிருந்து வராது.

அதே மனிதர் தம் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் நாய்க்குட்டி வாங்கப் போனால் என்ன செய்கிறார்? குட்டி ஓடிவந்து காலை நக்குகிறது. பிள்ளை அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்கிறது. அவ்வளவில் வாணிகம் முடிந்துவிடுகிறது. பல் பார்ப்பதில்லை, தாயைப் பார்ப்பதில்லை, பிறந்த நாள் கேட்பதில்லை, ரசீது என்ற பேச்சே எழுவதில்லை. சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. அட்டைப்பெட்டியில் குட்டி வீடு வந்து சேருகிறது.

இவ்வாறு வந்த குட்டி நாலாம் நாள் சுருண்டு விழுந்தால், அன்றே வழக்குத் தொடங்குகிறது. அவ்வழக்கு ஊர்ப் பெரியவர் முன்னிலைக்கும், காவல் நிலைய வாசலுக்கும், சில வேளைகளில் பங்கு இல்லத் திண்ணைக்கும் வருவதுண்டு. “ஒரு நாய்க்காகவா இத்தனை சண்டை?” என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கத்தக்கதன்று இது. உழைத்துச் சேர்த்த பணம் இதில் இருக்கிறது. ஒருவருடைய நற்பெயர் இருக்கிறது. ஒரு குழந்தையின் கண்ணீர் இருக்கிறது. தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க இயலாத ஓர் உயிரும் இருக்கிறது. ஆகவே இதனைச் சற்று நின்று நிதானமாக ஆராய்வோம்.

கொடையாய் இருந்தது விலையாயிற்று

நாய் வளர்ப்பு நம் பகுதிக்குப் புதிதன்று. தோட்டத்துக் கிணற்றடியிலும், ஆட்டுக்கிடையிலும், வீட்டு முற்றத்திலும் நாய் காவல் இருந்தது. இங்கிருந்து வடக்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள இராசபாளையத்தின் பெயர் தாங்கிய நாய் இன்று நாடறிந்தது. பால்வெள்ளை உடலும், இளஞ்சிவப்பு மூக்கும், பொன்னிறக் கண்ணும் அதன் அடையாளம். வேட்டைக்கு விரைந்தோடும் மெல்லிய உடலுடைய சிப்பிப்பாறை, கருநிற உடலில் பழுப்புத் தீற்றல் கொண்ட கன்னி, தேனி மாவட்டத்துக் கோம்பை ஆகியனவும் தென்பாண்டி நாட்டின் செல்வங்களே. 2005-ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்குக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, இராசபாளையம் அவற்றுள் ஒன்றாய் இடம்பெற்றது.

கன்னி நாயைப் பற்றி முதியோர் ஒரு செய்தி சொல்வர். அக்காலத்தில் அதன் குட்டிகளை எளிதில் விலைக்குக் கொடுப்பதில்லையாம். ‘பட்டினி போடமாட்டேன், நன்றாய்ப் பார்த்துக்கொள்வேன்’ என்று வாக்குக் கொடுத்தவருக்கே கொடுப்பார்களாம். குட்டியின் தாயும் தந்தையும் எவை என்பதை ஊரே அறிந்திருந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தார்கள். ஆகவே ஏமாற்றுக்கு இடமில்லை. குட்டி இறந்தால் இருவரும் சேர்ந்தே வருந்தினார்கள்.

இன்றோ குட்டிகள் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. லாப்ரடாரும், ஜெர்மன் ஷெப்பர்டும், பொமரேனியனும், பக்கும் ஆலங்குளத்துத் தெருக்களில் உலவுகின்றன. செல்பேசியில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, பேருந்து நிலையத்தில் பெட்டியைப் பெற்றுக்கொள்கிற காலம் இது. விற்றவர் முகம் வாங்கியவருக்குத் தெரியாது. வாங்கியவர் வீடு விற்றவருக்குத் தெரியாது. பழைய வாக்கு மறைந்துவிட்டது. அதன் இடத்தை நிரப்ப வேண்டிய எழுத்து இன்னும் வந்தபாடில்லை. பிணக்குகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு வழக்கின் உருவம்

எடுத்துக்காட்டாக ஒரு வழக்கை எண்ணிப் பார்ப்போம். பெயரும் ஊரும் வேண்டா.

பீடி சுற்றும் தாய், கொத்து வேலை செய்யும் தந்தை, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். பரீட்சையில் தேறினால் நாய்க்குட்டி என்று தந்தை வாக்களித்திருந்தார். வாக்கைக் காப்பாற்றினார். முதல் இரண்டு நாள் வீட்டில் திருவிழா. மூன்றாம் நாள் மாலை குட்டி பால் குடிக்கவில்லை. நாலாம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் இரத்தப்போக்கு. ஆறாம் நாள் விடியுமுன் இறந்துபோயிற்று. மருந்துக்கும் ஊசிக்கும் செலவான பணம் வேறு.

தந்தை விற்றவரிடம் செல்கிறார். “நோய்க்குட்டியைத் தலையில் கட்டிவிட்டீர்களே!” என்கிறார். விற்றவரோ, “என் வீட்டைவிட்டுப் போகும்போது குட்டி துள்ளிக்கொண்டல்லவா போயிற்று? நீங்கள் எதைக் கொடுத்தீர்களோ, எங்கே விட்டீர்களோ!” என்கிறார். சொல்லுக்குச் சொல் ஏறுகிறது. முதலில் குட்டியைப் பற்றிய பேச்சு. பிறகு குடும்பத்தைப் பற்றிய பேச்சு. இறுதியில் சாதியைப் பற்றிய பேச்சு. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கியது தலைமுறைப் பகையாய் முடிகிறது.

இவ்விருவருள் பொய்யர் யார்? இருவருமே பொய்யராய் இராமலிருக்கலாம். அதுதான் இவ்வழக்கின் சிக்கல்.

நாள்கணக்குப் பேசும் நோய்

மேலே கூறிய அறிகுறிகள் பெரும்பாலும் ‘பார்வோ’ என்னும் நச்சுக்கிருமி நோயைக் காட்டுவன. 1978-ஆம் ஆண்டில்தான் இந்நோய் உலகில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. பின்னர் விரைவில் எல்லாக் கண்டங்களிலும் பரவிற்று. நோயுற்ற நாயின் மலத்தின் வழியாக இது பரவுகிறது. மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் சாகாமல் இருக்கவல்லது. ஒருவர் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடலாம்.

கிருமி உடலில் நுழைந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ 3 முதல் 7 நாள் செல்லும். வழக்கைத் தீர்க்க இந்தக் கணக்கு உதவுகிறது. வாங்கிய மறுநாளே குட்டி நோயுற்றால், கிருமி விற்றவர் இல்லத்திலேயே புகுந்துவிட்டது என்பது பெரும்பாலும் உறுதி. 15 நாள் கழித்து நோயுற்றால், வாங்கியவர் வீட்டிலோ தெருவிலோ பற்றியிருக்கக்கூடும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் என்றால் இரண்டு பக்கமும் சாயலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகள் எப்படி இருக்கின்றன?’ என்பதே. அவற்றுள் இரண்டு மூன்று அதே வாரத்தில் நோயுற்றிருந்தால் விடை தானே கிடைத்துவிடும். நேர்மையான வளர்ப்பாளர் இக்கேள்விக்கு அஞ்சமாட்டார்; தாமே மற்ற வீடுகளுக்கும் சொல்லியனுப்பி அக்குட்டிகளைக் காப்பார்.

‘டிஸ்டெம்பர்’ என்னும் மற்றொரு கொடிய நோய் ஓரிரு வாரம், சில வேளைகளில் அதற்கு மேலும் மறைந்திருந்து பின்னர் வெளிப்படும். அங்கே கணக்கு வேறாகிறது. எனவே நோய் இன்னதென்று கால்நடை மருத்துவர் சொல்லுமுன் எவரையும் குற்றவாளி என்று தீர்ப்பது அறமாகாது.

“தடுப்பூசி போட்டதாகச் சொன்னாரே!” என்று கேட்பதுண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி தொடங்கி, சில வார இடைவெளியில் நாலு மாதம் வரை மீண்டும் மீண்டும் போட வேண்டிய தடுப்பு இது. தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசியின் பயனை அது தடுத்துவிடக்கூடும். தாய் தந்த காவல் தேய்ந்து, ஊசி தரும் காவல் முற்றாத இடைவெளி ஒன்று எல்லாக் குட்டிகளுக்கும் உண்டு. அந்த இடைவெளியில்தான் பார்வோ பாய்கிறது. ஆகவே முதல் ஊசி மட்டும் போட்ட குட்டி இறந்துபோனால், ஊசி போட்டதாகச் சொன்னவர் பொய் சொன்னார் என்று கொள்ளலாகாது. அதுபோலவே, ஒரே ஊசி போட்டுவிட்டு ‘இனிக் கவலையில்லை’ என்று சொல்லி விற்பதும் தவறு.

கேளாத காது

இரண்டாம் வகை வழக்கு பிறவிக்குறை பற்றியது. இராசபாளையம் நாயின் வெண்மையே அதன் அழகு. அவ்வெண்மையோடு ஓர் இடரும் சேர்ந்து வருகிறது. தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாது போனால், கேட்கும் நரம்பிழைகள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. வெள்ளை மிகுந்த நாயினங்கள் பலவற்றில் இக்குறை காணப்படுகிறது; மேலைநாட்டு டால்மேஷனும் இதற்குப் பெயர்பெற்றது. வளர்ப்பவர் செய்த குற்றமன்று இது. ஆனால் அறிந்தும் மறைத்தால் குற்றமாகிறது.

செவிட்டுக் குட்டி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மற்றக் குட்டிகள் ஓடினால் கூடவே ஓடும். அவை விழித்தால் தானும் விழிக்கும். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் குறை தெரியாது. தனியே பிரித்து, அது காணாதவாறு பின்னால் நின்று கைதட்டியும் தட்டை ஒலித்தும் பார்க்க வேண்டும். உறங்கும்போது செய்து பார்ப்பது இன்னும் நன்று. தரை அதிரும்படி உதைத்தால் அந்த அதிர்ச்சியையே அது உணர்ந்துவிடும்; அது சோதனையாகாது. ஒரு செவி மட்டும் கேளாத குட்டியை இம்முறையில் கண்டறிய இயலாது. அதற்குக் கருவி கொண்டு செய்யும் மருத்துவச் சோதனை வேண்டும். காவலுக்கென்று வாங்கிய நாய் காலடி ஓசை கேளாதது என்று மூன்று மாதம் கழித்துத் தெரியவரும்போது, குடும்பத்தார் அதைத் திருப்பித் தரவும் மனமின்றி, வைத்துக்கொள்ளவும் வகையின்றித் தவிக்கிறார்கள்.

மூன்றாம் வகை வழக்கு குலம் பற்றியது. ‘கலப்பற்ற இனம்’ என்று வாங்கியது, வளர்ந்தபின் வேறு உருவம் கொள்கிறது. நாலு மாதத்தில் செவி நிற்க வேண்டியது நிற்கவில்லை. உரோமம் நீள வேண்டியது நீளவில்லை. தடுப்பூசி அட்டையில் இனத்தின் பெயர் எழுதியிருப்பதைக் குலச்சான்று என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அஃது ஊசிக்கான அட்டை மட்டுமே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் சங்கம் போன்ற அமைப்பில் தாயும் தந்தையும் பதிவு பெற்று, அந்த ஈற்றும் பதிவானால்தான் குலச்சான்று கிடைக்கும். “சான்று பின்னால் வரும்” என்பது கடன்காரன் சொல்லும் ‘நாளைக்கு’ போன்றது. சான்று வேண்டுவோர் அதைக் கையில் பெற்ற பின்பே அதற்குரிய விலையைத் தரட்டும். காவலுக்கும் அன்புக்கும் நாய் வேண்டுவோர்க்கு அச்சான்று தேவையே இல்லை.

சட்டம் சொல்வது

சட்டத்தின் பார்வையில் நாய்க்குட்டி ‘அசையும் பொருள்’. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினும், வாங்குவோருக்கு இதனால் பாதுகாப்புக் கிடைக்கிறது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. அதிலுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒரு குதிரை வருகிறது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறவன் குறையைப் பற்றி ஒன்றும் பேசாதிருந்தால், அது மோசடியாகாது. ஆனால் வாங்குகிறவன், ‘நீ மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை குறையற்றது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்ல, விற்கிறவன் வாய்மூடி நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கேளாதவருக்குச் சட்டம் உதவுவது அரிது, கேட்டவருக்கு உதவுகிறது. ‘தாய்க்கு நோய் உண்டா? இந்த ஈற்றில் ஏதேனும் குட்டி இறந்ததா? காது கேட்கிறதா?’ என்று சாட்சி வைத்துக் கேளுங்கள். முடிந்தால் செல்பேசியில் எழுதிக் கேளுங்கள். கேட்ட கேள்வியும் வந்த விடையும் சான்றாகும்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், இன்ன வகை என்று சொல்லி விற்ற பொருள் அச்சொல்லுக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது. இன்ன பயனுக்கு வேண்டும் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அப்பயனுக்கு ஏற்றதாய் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘காவலுக்கு நாய் வேண்டும்’ என்று நீங்கள் சொன்ன ஒரு சொல், நாய் விற்பதையே தொழிலாகக் கொண்டவரைக் கட்டுகிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. ரசீது தராமையையே அச்சட்டம் நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. ‘விற்ற குட்டி திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் எழுதிவைப்பதால் இக்கடமை நீங்கிவிடாது. முறையீட்டை 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க வேண்டும். விற்றவர் வெளியூரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் இல்லை. வழக்குத் தொடுக்குமுன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். மறுவிற்பனைக்காக வாங்கியவருக்கு இச்சட்டம் பொருந்தாது.

வளர்ப்பவருக்கும் விதிகள் உண்டு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளின்படி, விற்பனைக்காக நாய் வளர்ப்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. இந்த 8 வாரக் கணக்கு வெறும் எழுத்தன்று. தாயோடும் உடன்பிறப்புகளோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. நாலு வாரத்தில் பிரிக்கப்பட்ட குட்டிக்கு அப்பாடம் கிடைப்பதில்லை. பின்னாளில் பிள்ளைகளின் கையைக் கடித்துத்தான் அது கற்கிறது. ‘சிறிதாய் இருக்கும்போதே வாங்கினால்தான் நம்மோடு ஒட்டும்’ என்று கேட்டு வற்புறுத்துகிறவர்களும் இத்தவற்றில் பங்காளிகளே.

சட்டம் முடியுமிடத்தில் மனச்சான்று

பிற நாடுகளும் இச்சிக்கலைக் கண்டிருக்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நாய்க்குட்டி விற்பனைக்கெனத் தனிச்சட்டம் இருக்கிறது. புளோரிடாவில், வாங்கிய 14 நாளுக்குள் குட்டி நோயுற்றது என்றோ, ஓராண்டுக்குள் பிறவிக்குறை வெளிப்பட்டது என்றோ கால்நடை மருத்துவர் சான்றளித்தால், வாங்கியவர் பணத்தைத் திரும்பப் பெறலாம், வேறு குட்டி பெறலாம், அல்லது குட்டியைத் தாமே வைத்துக்கொண்டு மருத்துவச் செலவைக் கேட்கலாம். இம்மூன்றாவது வழி கருத்தில் கொள்ளத்தக்கது. நோயுற்ற குட்டியைத் திருப்பித் தந்தால் அதன் கதி என்னவாகும் என்று அஞ்சுகிற குடும்பத்தின் நெஞ்சைச் சட்டம் அங்கே மதிக்கிறது. இங்கிலாந்தில் 2020 ஏப்பிரல் முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்பது தடைசெய்யப்பட்டது. குட்டியை அதன் தாயோடு கண்டு வாங்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

பழைய உரோமையில், கால்நடை விற்பவன் அதன் நோயையும் குறையையும் வெளிப்படையாய் அறிவிக்க வேண்டும் என்று சந்தை அதிகாரிகள் ஆணையிட்டிருந்தனர். மறைத்தவனிடம் ஆறு மாதத்துக்குள் விலங்கைத் திருப்பித் தரலாம். அல்லது ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கேட்கலாம். நாம் இன்று ஆணையங்களில் தேடுகிற நீதி இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினார், வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சகத்தைத் தனியே ஆராய்ந்திருக்கிறார். ஒற்றைக்கண் குதிரையை விற்கிறவன், குறை எல்லார்க்கும் வெளிப்படையாய் இருப்பதால் அதைச் சொல்லாதிருக்கலாம், விலையைக் குறைத்துக்கொண்டால் போதும் என்கிறார். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத குறை வாங்குபவருக்கு இழப்பையோ தீங்கையோ தருமாயின், கேளாமலே சொல்லியாக வேண்டும் என்பது அவர் முடிபு. சட்டம் ‘கேட்டால் சொல்’ என்று நிற்கும் இடத்தில், மனச்சான்று ‘கேளாமலே சொல்’ என்று ஓர் அடி முன்னே செல்கிறது.

அவர் இன்னும் ஒன்று கூறுகிறார். குறை இருப்பதை அறியாமல் விற்றவனுக்குப் பாவமில்லை. ஆயினும் பின்னர் அறிந்தபோது வாங்கியவனின் இழப்பை அவன் ஈடுசெய்ய வேண்டும். நாம் மேலே எடுத்துக்கொண்ட வழக்குக்கு இதுவே திறவுகோல். ‘நான் அறியேன்’ என்பதால் விற்றவர் ஏமாற்றுக்காரர் என்னும் பழியிலிருந்து நீங்குகிறார். ஆனால் பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. பழி வேறு, பொறுப்பு வேறு. இவ்வேறுபாட்டை இரு தரப்பாரும் உணர்ந்தால் பாதிச் சண்டை அப்போதே அடங்கும். வாங்கியவர், ‘நீர் திருடர்’ என்னாமல் ‘இழப்பைப் பகிர்ந்துகொள்ளும்’ என்று கேட்கலாம். விற்றவரும், ‘குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே’ என்ற அச்சமின்றிப் பகிர்ந்துகொள்ளலாம்.

வளர்ப்பவர் பக்கத்து நியாயம்

வழக்குகளில் வாங்கியவரே எப்போதும் நல்லவர் என்று எண்ணிவிட வேண்டா. முன்பணம் கொடுத்துக் குட்டியை ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டு, வாராமலே இருந்துவிடுவோர் உண்டு. குட்டியைத் தெருவில் விட்டுக் கண்டதைத் தின்னக் கொடுத்து, குடற்புழு மருந்தை மறந்து, அடுத்த ஊசியைத் தவறவிட்டு, குட்டி செத்தபின் விற்றவர் வாசலில் நின்று கூச்சலிடுவோர் உண்டு. வளர்ந்து பெரிதாகி, நாலு செருப்பைக் கடித்து, இரவில் குரைக்கத் தொடங்கியதும் ‘குணம் சரியில்லை’ என்று திருப்பித்தர முனைவோரும் உண்டு. தாய்நாய்க்குத் தீனி, மருந்து, இரவில் கண்விழிப்பு என்று உழைத்து, நாட்டு நாயினம் அழியாமல் காத்துவரும் எளிய வளர்ப்பாளர் பலர் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஆதாரமின்றி அவர்கள் பெயரை ஊரெங்கும் செல்பேசியில் பரப்புவதும் களவே. பொருளைக் களவாடினால் திருப்பிக் கொடுக்கலாம், பெயரைக் களவாடினால் திருப்பிக் கொடுப்பது அரிது.

நடைமுறைக்குச் சில

வாங்குமுன்: தாயை அதன் இடத்தில் காணுங்கள். தாயைக் காட்டத் தயங்குமிடத்தில் வாங்காதீர்கள். பிறந்த நாளைக் கேளுங்கள். குட்டியின் கண்ணும் மூக்கும் ஒழுகாமல், பின்புறம் துப்புரவாய், வயிறு புழுவால் உப்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். படம் மட்டும் காட்டி முன்பணம் கேட்போரிடம், அதிலும் ‘விமான நிலையத்தில் தடுத்துவிட்டார்கள், இன்னும் பணம் அனுப்புங்கள்’ என்போரிடம் ஏமாறாதீர்கள். அங்கே குட்டியே இராது. அவ்வாறு பணம் இழந்தோர் உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கட்டும்.

வாங்கும்போது: அரைத்தாள் போதும். நாள், விலை, இனம், பிறந்த தேதி, போட்ட ஊசி, கொடுத்த புழுமருந்து, இத்தனை நாளுக்குள் நோய் வந்தால் இன்னது செய்வோம் என்ற உடன்பாடு ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். உறவினராயிருந்தாலும் எழுதுங்கள். எழுத்து அவநம்பிக்கையின் அடையாளமன்று, நட்பின் காவல்.

வாங்கியபின்: இரண்டு மூன்று நாளுக்குள் அரசு கால்நடை மருந்தகத்துக்கோ மற்றொரு கால்நடை மருத்துவரிடமோ காட்டி எழுத்தில் குறிப்புப் பெறுங்கள். ஊசிகள் முற்றுப்பெறும்வரை தெருநாய்கள் உலவும் இடத்தில் விடாதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறவாதீர்கள். அது நாய்க்கு மட்டுமன்று, உங்கள் பிள்ளைகளுக்கும் காவல்.

பிணக்கு வந்தால்: முதலில் மருத்துவரிடம் ஓடுங்கள், விற்றவரிடம் ஓடுவது பிறகு. பார்வோ கண்ட குட்டியும் உடனே நீரேற்றிக் கவனித்தால் பிழைப்பதுண்டு. இருவர் வாதிடும் அரைநாள் அதன் உயிரைக் கொண்டுபோய்விடும். அன்றே விற்றவருக்கும் செய்தி தெரிவியுங்கள். மற்றக் குட்டிகளையேனும் அவர் காப்பார். மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இறந்துவிட்டால், வழக்காடும் எண்ணம் இருக்குமாயின், புதைக்குமுன் கால்நடை மருத்துவரைக் கொண்டு பிணப் பரிசோதனை செய்து சான்று பெறுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பின்னர் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். அதுவும் பயன்படாவிடில் ஆணையத்தை நாடுவதில் இழுக்கில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். இறந்த குட்டிக்கு ஈடாய்ப் பணம் வரலாம். வேறு குட்டியும் வரலாம். ஆனால் பிள்ளை கேட்பது அந்தக் குட்டியை. ‘போனால் போகட்டும், இன்னொன்று வாங்கித் தருகிறேன்’ என்று அன்றே சொல்லி அதன் துயரைச் சிறிதாக்காதீர்கள். குழிதோண்டிப் புதைக்கும்போது உடன் நிற்கவிடுங்கள்; அழவிடுங்கள். பார்வோவினால் இறந்த குட்டியாயின் வேறொரு குட்டியைப் பல மாதம் அவ்வீட்டுக்குக் கொண்டுவராதிருப்பதே அறிவு. கிருமி அங்கே காத்திருக்கும்.

அந்நாள்களில் பிள்ளை மற்றொன்றையும் கவனித்துக்கொண்டிருக்கும். தந்தை விற்றவரோடு எவ்வாறு பேசுகிறார், தமக்கு உரியதைக் கேட்கும்போது மற்றவர் மானத்தைக் காக்கிறாரா, தம் பக்கத்துக் குறையையும் சொல்கிறாரா என்பதையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருக்கும். விற்றவர் வீட்டுப் பிள்ளையும் தன் தந்தையை அவ்வாறே பார்த்துக்கொண்டிருக்கும். வாங்கல் விற்றலில் நேர்மை என்றால் என்ன என்பதை இரு பிள்ளைகளும் முதன்முதலில் கற்கும் இடம் அதுவாகவே இருக்கக்கூடும். அப்பாடத்தைக் கெடுக்காமல் கற்பிப்போமாக.